அஷ்டமி, நவமிதான் நல்ல நாள்

சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியில் ராகு காலம் பார்ப்போம், எமகண்டம் பார்ப்போம், கல்யாண வீட்டுக்காரர்கள் முகூர்த்தம் பார்ப்பார்கள். அதே தாளின் ஓரத்தில் "அஷ்டமி மாலை 4.32 வரை, பின் நவமி" என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். தொலைநோக்கியில் நிலா பார்க்கிற ஆளுக்கு அந்த ஒரு வரி போதும். இன்று நிலாவின் எந்தப் பள்ளத்தில் பொழுது விடிகிறது என்பதை அது சொல்லிவிடும். இதற்கென்று கைப்பேசிச் செயலிகள் வண்டி வண்டியாக இருக்கின்றன, என்னிடமும் உண்டு. ஆனாலும் காலையில் தாளைக் கிழிக்கும்போதே சாயங்காலத்துத் திட்டம் மனத்தில் உட்கார்ந்துகொள்கிற சுகம் செயலியில் வராது.

கணக்கு எளிதுதான். சூரியனைவிட்டு நிலா எத்தனை பாகை விலகி நிற்கிறது என்பதுதான் திதி. அமாவாசை முடிகிற கணத்தில் விலகல் பூஜ்யம். அங்கிருந்து 12 பாகைக்கு ஒரு திதி. 30 திதியில் 360 பாகை, ஒரு சுற்று முடிந்தது. இனி நிலாவுக்குப் போவோம். அங்கே பகலும் இரவும் சந்திக்கிற ஒரு கோடு இருக்கிறது, டெர்மினேட்டர் என்பார்கள். வளர்பிறையில் அது நிலாவின் கிழக்கு விளிம்பில் கிளம்பி மேற்கே நகரும். எவ்வளவு வேகத்தில்? ஒரு திதிக்கு 12 பாகை. அஷ்டமியின் நட்டநடுவில் விலகல் 90 பாகை, கோடும் நிலாவின் முகத்துக்கு நட்டநடுவே. எனவே விலகலை 90இலிருந்து கழித்தால் கோடு நிற்கும் தீர்க்கரேகை கிடைத்துவிடும். மிச்சம் வந்தால் கிழக்கு, குறைந்தால் மேற்கு. சஷ்டி தொடக்கத்தில் விலகல் 60. கோடு கிழக்கே 30 பாகையில். தசமி தொடக்கத்தில் 108. கோடு மேற்கே 18இல்.

நிலா நமக்கு முகம் காட்டுவதில் கொஞ்சம் தலையாட்டும் பழக்கம் உண்டு. கிழக்கு மேற்காக ஏறக்குறைய 8 பாகைவரை ஆடும். அதனால் இந்தக் கணக்கு அரைத் திதி, முக்கால் திதி முன்பின் போகும். இன்னொன்று, வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் சில மணி நேரம் வித்தியாசம் வரும். விரதத்துக்கு எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், தொலைநோக்கிக்குத் திருக்கணிதம்தான்; வானத்து நிலாவோடு ஒத்துப்போவது அதுதான்.

அந்தக் கோட்டுக்கு அப்படி என்ன மவுசு? அங்கேதான் நிழல் இருக்கிறது. நிலாவில் நாம் பார்ப்பது பள்ளத்தை இல்லை, பள்ளத்தின் நிழலை. பள்ளத்துக்கு உள்ளேயும் வெளியேயும் பெரும்பாலும் ஒரே சாம்பல் நிறம். மேடு எது, குழி எது என்று சொல்லிக்கொடுப்பது கறுப்பு மட்டும்தான். சூரியன் அடிவானத்துக்கு மேலே 5 பாகை ஏறியிருக்கும்போது 1 கி.மீ. உயரமுள்ள ஒரு மேடு 11 கி.மீ.க்கு மேல் நிழல் நீட்டும். 10 பாகையில் அது பாதியாகிவிடும். 45 பாகையில் 1 கி.மீ.தான். நிலாவில் சூரியன் நாளொன்றுக்குச் சுமார் 12 பாகை ஏறுகிறது. ஆகவே ஒரு பள்ளத்துக்கு நல்ல நேரம் என்பது இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள்.

ஆனால் ஊரில் எல்லோரும் பௌர்ணமிக்குத்தான் வருகிறார்கள். "இன்னிக்கு முழு நிலா ஆச்சே, டெலஸ்கோப்பை எடுக்கலையா?" என்று கீழ்வீட்டு மாமா படியேறி வருவார். முழு நிலா என்பது நேருக்கு நேர் ஃபிளாஷ் போட்டு எடுத்த முகம் மாதிரி. மூக்கும் தெரியாது, கன்னமும் தெரியாது. கண்ணைக் கூச வைக்கும், அவ்வளவுதான். பாதி நிலாவைவிட முழு நிலா இரு மடங்கு வெளிச்சம் என்று நினைப்போம். உண்மையில் பத்து மடங்குக்கும் மேல். பௌர்ணமியன்று பார்க்க உருப்படியாக இருப்பது டைக்கோவிலிருந்து நாலா பக்கமும் பாயும் வெள்ளைக் கதிர்கள் மட்டும். 85 கி.மீ. அகலப் பள்ளம் ஒன்று, மோதியபோது வாரியிறைத்த தூள் 1,500 கி.மீ.க்கு அப்பாலும் கோடு போட்டிருக்கிறது. வயது சுமார் 10.8 கோடி ஆண்டு என்கிறார்கள். நிலாக் கணக்கில் அது நேற்றுப் பிறந்தது.

நல்ல காரியம் எதையும் தொடங்கக் கூடாது என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கும் அஷ்டமியும் நவமியும்தான் நிலா பார்க்க உத்தமமான நாள்கள். என் ஆறு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி வந்து இறங்கியதே ஓர் அஷ்டமியில்தான். "அஷ்டமியும் அதுவுமா புதுச் சாமான் பிரிக்கிறியேடா" என்று அம்மா அங்கலாய்த்தாள். அன்று சாயங்காலமே அவளைக் கூப்பிட்டு ஐபீஸில் கண்ணை வைக்கச் சொன்னேன். நடுக்கோட்டை ஒட்டி மேலிருந்து கீழாக மூன்று பெரும் பள்ளங்கள், டாலமியஸ், அல்ஃபான்சஸ், அர்சாக்கல். டாலமியஸ் 150 கி.மீ. அகலம், தரை மெழுகியது போல் சமதளம். அல்ஃபான்சஸின் நடுவில் ஒரு சிகரம். 1965 மார்ச்சில் அமெரிக்காவின் ரேஞ்சர் 9 கடைசி நொடிவரை படம் அனுப்பிக்கொண்டே போய் அந்தப் பள்ளத்துக்குள்தான் மோதியது. அர்சாக்கல் சிறியது, ஆனால் படிப்படியாகச் சரியும் சுவர்கள் கொண்டது. அம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, "குழியெல்லாம் நிஜமாவே குழியா இருக்கே" என்றாள். நிலாவைப் பற்றி அதைவிடச் சரியான விமர்சனம் நான் கேட்டதில்லை.

நவமி இன்னும் விசேஷம். வடக்கே பிளேட்டோ, தெற்கே டைக்கோ, அதற்கும் தெற்கே கிளேவியஸ், நடுவில் 'நேர்ச் சுவர்' எனப்படும் ரூப்பஸ் ரெக்டா, எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விடியும். கிளேவியஸ் சுமார் 230 கி.மீ. அகலம். அதன் தரையில் பெரிதிலிருந்து சிறிதாக வரிசை கட்டி வளைந்து போகும் குட்டிப் பள்ளங்கள்; எத்தனையாவதுவரை உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது என்பதை வைத்து அன்றைய காற்றின் அமைதிக்கு மார்க் போட்டுவிடலாம். 2020இல் சோஃபியா என்ற விமானத் தொலைநோக்கி, வெயில் படும் நிலாப் பரப்பில் நீர் மூலக்கூறு இருப்பதற்கான தடயத்தை அறிவித்ததே, அது இந்தக் கிளேவியஸில்தான். பிளேட்டோ நூறு கி.மீ. அகலமுள்ள எரிமலைக் குழம்புத் தட்டு. உள்ளே ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். காற்று அசையாத இரவில் மட்டும் இரண்டு கி.மீ. அளவுள்ள புள்ளிக் குழிகள் சில எட்டிப் பார்க்கும். அவற்றைப் படம் பிடித்துவிட்டவர்கள் அதைப் பற்றிப் பேசாமல் இருக்கவே மாட்டார்கள். நானும்தான்.

திதிப்படி முன்னிருந்து வருகிறேன். மூன்றாம் பிறையன்று பெட்டாவியஸும் லாங்ரெனஸும். பெட்டாவியஸின் நடுச் சிகரத்திலிருந்து சுவர்வரை ஒரு பிளவு, ஸ்கேல் வைத்துக் கீறியதுபோல் நேராக ஓடும். நாலாம் பிறை பார்த்தால் நாய் படாத பாடு என்பார்கள். பட்டாலும் பரவாயில்லை என்று பார்த்தால் அட்லஸும் ஹெர்குலிசும் ஜோடியாக நிற்கும், வளமைக் கடல் எனப்படும் கருஞ்சமவெளியில் மெசியர் என்ற இரட்டைக் குழி இருக்கும். அந்த மெசியருக்கு ஒரு கதை உண்டு. நிலாப் பள்ளங்கள் எரிமலை வாயா, விண்கல் மோதியதா என்று நெடுங்காலம் சண்டை நடந்தது. விண்கல் என்றால் சாய்வாக வந்து மோதியவையும் இருக்குமே, பள்ளமெல்லாம் வட்டமாக இருப்பது எப்படி என்பது எரிமலைக் கட்சியின் கேள்வி. 1890களில் அமெரிக்க நிலவியலாளர் குரோவ் கார்ல் கில்பர்ட்டே மோதல்தான் காரணம் என்று சொல்லியும், இந்த வட்டக் கணக்கில் திணறினார். பிறகுதான் விளங்கியது: அந்த வேகத்தில் வருகிற கல் குழி தோண்டுவதில்லை, வெடிக்கிறது. வெடிப்புக்குத் திசை கிடையாது, அதனால் வட்டம். மிக மிகச் சாய்வாக, தரையை உரசியதுபோல் வந்தால் மட்டும் நீள்வட்டம் விழும். மெசியர் அப்படி விழுந்தது. ரால்ஃப் பால்டுவின் 1949இல் வலுவாக வாதாடி, யூஜின் ஷூமேக்கர் அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள பள்ளத்தை ஆராய்ந்து நிலைநாட்டி, அப்போலோ கல் கொண்டுவந்த பிறகே சண்டை ஓய்ந்தது. ஷூமேக்கரின் அஸ்தியில் ஒரு பகுதி 1999இல் லூனார் பிராஸ்பெக்டர் கலத்தோடு நிலாவின் தென்துருவத்தருகே போய்ச் சேர்ந்தது.

சஷ்டியில் தியோஃபிலஸ், சிரில்லஸ், கேதரினா மூன்றும் கைகோத்து நிற்கும். தியோஃபிலஸ் சிரில்லஸின் சுவரை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே எது மூத்தது, எது இளையது என்று தெரிந்துவிடும். ஏகாதசியன்று வளைகுடா ஒன்றின் மலை வளையம் மட்டும் இருட்டுக்குள் பொன் வில்லாக நீட்டிக்கொண்டிருக்கும், சைனஸ் இரிடம். துவாதசியில் நிலாவிலேயே மிகப் பளிச்சென்ற அரிஸ்டார்க்கஸ். அதற்குப் பிறகு பௌர்ணமி வெளிச்சம் வந்து கெடுத்துவிடும்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது தசமி. கோப்பர்நிக்கஸ் விடியும் நாள்.

இந்தப் பெயரில் ஒரு விஷமம் இருக்கிறது. நிலாவுக்குப் பெயர் சூட்டும் முறையை 1651இல் வகுத்துக் கொடுத்தவர் ரிச்சியோலி என்ற இத்தாலிய ஏசு சபைப் பாதிரியார். பூமிதான் நடுவில் என்று அவர் சபையின் நிலைப்பாடு. சூரியன்தான் நடுவில் என்ற கோப்பர்நிக்கஸைப் புயல்களின் பெருங்கடலில் தூக்கிப் போட்டுவிட்டதாக அவரே சொன்னார் என்பார்கள். போட்டதுதான் போட்டார், கண்ணை எடுக்க முடியாத இடத்தில் போட்டிருக்கிறார்! 93 கி.மீ. அகலம், 3.8 கி.மீ. ஆழம், சுற்றிலும் படிக்கட்டுச் சுவர், நடுவில் மூன்று கூட்டமாகச் சிகரங்கள். வயது ஏறக்குறைய 80 கோடி ஆண்டு; அப்போலோ 12 அள்ளிவந்த மண்ணை வைத்துப் போட்ட கணக்கு.

சாயங்காலம் ஏழரை மணிக்குக் குழி முழுக்க மையாக இருக்கும். அந்த மையைச் சுற்றி ஒரு வெள்ளி வளையம், விளிம்பு. வளையத்தின் மேற்குப் பக்கத்தில் மட்டும் உட்சுவரின் மேல்படிகள் லேசாக வெளுத்திருக்கும், வெயில் கிழக்கிலிருந்து வருகிறது அல்லவா. கிழக்குச் சுவர் தன் நிழலைப் பள்ளத்துக்குள் போர்த்தியிருக்கும். சாப்பிட்டுவிட்டு மறுபடி மேலே வந்தால் மேற்குச் சுவரில் இன்னொரு படி கீழே வெளிச்சம் இறங்கியிருக்கும். நிலாவின் நடுக்கோட்டில் விடியல் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில்தான் நகர்கிறது, சைக்கிள் வேகம். கோப்பர்நிக்கஸைக் கடக்க அதற்கு ஆறு மணி நேரம் பிடிக்கும். கொஞ்சம் கொடுத்துவைத்த இரவாக இருந்தால், அந்த மைக் கறுப்பின் நடுவே ஊசிமுனையளவு ஒரு வெள்ளைப் புள்ளி முளைப்பதைப் பார்க்கலாம். நடுச் சிகரத்தின் நுனி. தரையில் இன்னும் நடு இரவு, சிகரத்தின் தலையில் மட்டும் வெயில். முதலில் அது இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாக இருக்கும். கண்ணை எடுத்துச் சிமிட்டிவிட்டுப் பார்த்தால் இருக்கும். அரைமணி கழித்து இரண்டாவது புள்ளி. கலிலியோ 1609இல் தன் சிறு குழலில் இதே மாதிரி இருட்டுக்குள் தனித்து மின்னும் புள்ளிகளைப் பார்த்துத்தான், நிலா வழவழப்பான பளிங்கு உருண்டை இல்லை, மலையும் பள்ளமும் உள்ள இன்னொரு உலகம் என்று முடிவுகட்டினார். கோட்டிலிருந்து புள்ளி எவ்வளவு தூரம் தள்ளியிருக்கிறது என்று அளந்து மலையின் உயரத்தையும் கணக்குப் போட்டார்.

இதைப் படம் பிடிப்பது எப்படி என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கைப்பேசியை ஐபீஸில் பொருத்தும் கவ்வி ஒன்று வாங்கினால் போதும், கோப்பர்நிக்கஸ் வந்துவிடும். 1840இல் நியூயார்க்கில் ஜான் வில்லியம் டிரேப்பர் ரசாயனம் பூசிய வெள்ளித் தகட்டில் நிலாவைப் பதிக்கப் பட்ட பாட்டுக்கு முன்னால் நமக்கெல்லாம் கஷ்டமே கிடையாது. ஆனால் கைப்பேசியில் ஒற்றைப் படமாக எடுக்காதீர்கள், வீடியோவாக எடுங்கள். காரணம் காற்று. நம் தலைக்கு மேலே சூடும் குளிரும் கலந்து ஓடும் காற்று ஒவ்வொரு நொடியும் நிலாவை ஆற்றுநீருக்கு அடியில் கிடக்கும் கூழாங்கல்போல் நெளியவிடுகிறது. நெளிவு ஓயாது, ஆனால் இடையிடையே ஒரு கணம் எல்லாம் கூர்மையாகி மறுபடி கலையும். அந்தக் கணங்களைப் பொறுக்கிச் சேர்ப்பதுதான் வித்தை. அரை நிமிட வீடியோவில் இரண்டாயிரம் சட்டகம் இருந்தால், ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற இலவச மென்பொருள் அதில் கூர்மையான இருநூறைத் தேர்ந்தெடுத்து, துண்டு துண்டாக நேர்ப்படுத்தி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்துக் கொடுக்கும். பிறகு ரெஜிஸ்டாக்ஸ் என்ற இன்னொரு மென்பொருளில் போட்டுக் கூர் ஏற்றுவது.

இந்தக் கூர் ஏற்றும் இடத்தில்தான் பலருக்கும் கை அடங்குவதில்லை. சறுக்குப் பட்டியை வலப்பக்கம் தள்ளத் தள்ள விவரம் வருவதுபோல் இருக்கும். அது விவரம் இல்லை. பள்ளத்தின் விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு ஒன்று முளைத்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இணையத்தில் உலவும் நிலாப் படங்களில் பாதி பிளாஸ்டிக்கில் வார்த்த மாதிரி இருப்பதற்கு இதுதான் காரணம். எனக்குக் கொஞ்சம் மங்கலான, ஆனால் உண்மையான நிழல் போதும்.

நிலாவைத் துரத்தும் மோட்டார் இல்லாத டாப்சோனியனில் இதெல்லாம் நடக்குமா என்ற சந்தேகம் வரும். நடக்கும். என் தொலைநோக்கியின் குவியதூரம் 1,200 மி.மீ.; அதில் குவியதூரத்தை இரண்டு மடங்காக்கும் பார்லோ லென்ஸ், அதன்பின் 2.9 மைக்ரான் பிக்சல் உள்ள சிறு கேமரா. கணக்குப் போட்டால் ஒரு பிக்சலுக்குக் கால் ஆர்க்செகண்ட் (ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்குதான் ஆர்க்செகண்ட்), நிலாவில் அது அரை கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. பூமி சுழல்வதால் நிலா நொடிக்குச் சுமார் 14.5 ஆர்க்செகண்ட் ஓடும். 5 மில்லிநொடியில் ஒரு சட்டகம் எடுத்தால் அதற்குள் நிலா நகர்வது ஒரு பிக்சலில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எனவே படம் இழுபடாது. பள்ளத்தைச் சட்டத்தின் ஒரு ஓரத்தில் நிறுத்திக் கையை எடுத்துவிடுவேன். அது பாட்டுக்கு அரை நிமிடத்தில் மறு ஓரம் போய்ச் சேரும், பதிவாகிவிடும். மறுபடி தள்ளி நிறுத்துவேன். இடையில் மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானம் ஏதாவது குறுக்கே போகும். அதையும் மென்பொருளே கழித்துவிடும், எனக்குத்தான் அந்தச் சட்டகத்தைத் தூக்கிப் போட மனம் வராது.

டாப்சோனியன் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இதை உலகம் முழுக்கப் பரப்பிய ஜான் டாப்சன், சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ணர் மரபைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் இருபது வருஷத்துக்கும் மேல் துறவியாக இருந்தவர். கண்ணாடியைத் தானே தேய்த்து, அட்டைக் குழாயும் பலகையும் வைத்துத் தொலைநோக்கி செய்து, நடைபாதையில் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் நிலாவைக் காட்டினார். மடத்துக்குள் தொலைநோக்கியே கதியென்று கிடக்கிறார் என்று 1967இல் வெளியே அனுப்பிவிட்டார்கள். சன்னியாசத்தையும் விழுங்கும் பைத்தியம் இது.

அந்த டாப்சோனியனுக்கு ஒரே ஒரு பலவீனம், தலைக்கு நேர் மேலே பார்க்கும்போது திருப்புவது கஷ்டம். சென்னை 13 பாகை அட்சரேகையில் இருப்பதால் நமக்கு அந்தக் கஷ்டம் அடிக்கடி வரும். மாசி, பங்குனியில் வளர்பிறை அஷ்டமி நிலா கிட்டத்தட்ட உச்சந்தலைக்கே வந்துவிடும். ஆனால் இதைக் குறையாகச் சொன்னால் லண்டன்காரர்கள் அடிக்க வருவார்கள். புரட்டாசி அஷ்டமி நிலா அவர்களுக்கு அடிவானத்திலிருந்து பத்துப் பதினைந்து பாகைக்கு மேல் ஏறாது. அவ்வளவு தடித்த காற்றுக்குள் கோப்பர்நிக்கஸைத் தேடினால் கஞ்சிதான் தெரியும். அதே நிலா நமக்கு ஏறக்குறைய 50 பாகை உயரத்தில். வானம் பார்க்க வேண்டுமானால் ஊரை விட்டு ஏலகிரி, ஜவ்வாது மலை என்று போக வேண்டும் என்பதெல்லாம் விண்மீன் மண்டலங்களுக்கு. நிலாவுக்குக் குரோம்பேட்டை மொட்டைமாடியே போதும். தெருவிளக்கு அதை ஒன்றும் செய்யாது.

மொட்டைமாடிக்குத் தெருவிளக்கைவிடப் பெரிய எதிரி மொட்டைமாடியேதான். பகலெல்லாம் வாங்கிய வெயிலை ராத்திரி ஒன்பது மணிவரை தளம் திருப்பிக் கக்கிக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டு ஏசியின் வெளிப்பெட்டி வேறு. சாயங்காலம் இரண்டு வாளித் தண்ணீர் தெளித்துவிட்டு, தொலைநோக்கியை ஒரு மணி நேரம் முன்னதாகவே வெளியில் வைத்து ஆறவிட வேண்டும். இன்னொரு தொல்லை வரைபடம். புத்தகங்களில் நிலாவின் வடக்கு மேலே இருக்கும். நம் ஊரில் சாயங்காலம் மேற்கே பார்த்து நின்றால் பிறை படகுபோல் மல்லாந்து கிடக்கும், அதன் வடக்கு நம் வலக்கைப் பக்கம். டாப்சோனியனில் அதுவும் தலைகீழாகி இடக்கைப் பக்கம் போய்விடும். படத்தைத் திருப்பிப் பிடித்துப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

மாடிக்கு வரும் பிள்ளைகளின் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "அங்கிள், கொடி தெரியுமா?" தெரியாது கண்ணு. ஆறு அங்குலக் கண்ணாடிக்கு 0.77 ஆர்க்செகண்டுக்குக் கீழே பிரித்துப் பார்க்கும் சக்தி கிடையாது. நிலாவின் தூரத்தில் அது சுமார் 1.4 கி.மீ. அதைவிடச் சின்னக் குழி எதுவும் தெரியாது, அப்புறம் கொடி எங்கே? ஆனால் சஷ்டி, சப்தமியில் அமைதிக் கடலின் ஓரத்தில், அப்போலோ 11 இறங்கிய இடத்துக்குப் பக்கத்தில், மூன்று பேர் பெயரிலும் மூன்று குட்டிக் குழிகள் உண்டு. ஆம்ஸ்ட்ராங் 4.6 கி.மீ., ஆல்டிரின் 3.4, காலின்ஸ் 2.4. முதல் இரண்டு கிடைத்துவிடும். காலின்ஸ் அன்றைய காற்றைப் பொறுத்தது. நிலாவில் கால் வைக்காமல் மேலேயே சுற்றிக்கொண்டிருந்தவர் இங்கேயும் கண்ணாமூச்சி ஆடுகிறார்.

நம்மவர்களும் இருக்கிறார்கள். ஜகதீஷ் சந்திர போஸ், ஹோமி பாபா, மேக்நாத் சாஹா பெயரிலான பள்ளங்களெல்லாம் நிலாவின் மறுபக்கத்தில், நமக்கு எட்டாது. முன்பக்கத்தில் சாராபாய் இருக்கிறார். தெளிவுக் கடலில், 16 கி.மீ. அகல பெஸ்ஸலுக்கு வடகிழக்கே, ஏறக்குறைய 8 கி.மீ. அகலத்தில் சுத்தமான கிண்ணம். முன்பு பெஸ்ஸல் ஏ என்று இருந்ததற்கு 1973இல் விக்ரம் சாராபாய் பெயர் வைத்தார்கள். 2020இல் சந்திரயான் 2 அதை மேலிருந்து படம் பிடித்தது. ஆழம் சுமார் 1.7 கி.மீ., சுவரின் சரிவு 25 முதல் 35 பாகை என்று இஸ்ரோ சொன்னது. அந்தச் சரிவு எண் நமக்கு உபயோகமானது. சூரியன் 30 பாகையைத் தாண்டிவிட்டால் கிண்ணத்துக்குள் நிழலே தங்காது. ஆகவே சஷ்டி, சப்தமியில் அது பாதி கறுப்பு பாதி வெளுப்பாகக் குழியாகத் தெரியும். நவமி தாண்டினால் வெறும் வெள்ளைப் பொட்டு. பஞ்சமியன்று அமைதிக் கடலின் கிழக்கே ஆர்யபட்டா, எரிமலைக் குழம்பில் பாதி முழுகிய பழைய பள்ளத்தின் மிச்சம். திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமனுக்கும் அரிஸ்டார்க்கஸுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னக் குழி உண்டு. அது திரயோதசியில்தான் விடியும், அதற்குள் நிலா பௌர்ணமி வெளிச்சத்தை நெருங்கிவிட்டிருக்கும். ஒளிச் சிதறலுக்கு நோபல் வாங்கியவரை அவ்வளவு கூசும் ஒளியில் தேட வேண்டியிருப்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

சந்திரயான் 3இன் விக்ரம் லேண்டர் இறங்கிய இடமும் முன்பக்கம்தான். தெற்கே 69 பாகை, மான்சினஸ், சிம்பீலியஸ் பள்ளங்களுக்கு இடையில். 2023 ஆகஸ்ட் 23, மாலை 6.04 மணி. அன்று வளர்பிறை சப்தமி, வானத்தில் ஏறக்குறைய அரை நிலா. இறங்கும் இடத்தில் பொழுது விடிந்து, சூரியன் அடிவானத்தை ஒட்டியே நிற்கும் நேரமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அப்போதிருந்து நிலாப் பகல் முழுக்கச் சூரியத் தகட்டுக்கு மின்சாரம் கிடைக்கும். சென்னையிலிருந்து பார்த்தால் அந்த வட்டாரம் விளிம்போரமாக நசுங்கித் தெரியும். தென்வடலாக மூன்றில் ஒரு பங்குக்குச் சுருங்கிவிடுவதால் வட்டப் பள்ளமெல்லாம் பிளந்த பாதாம் பருப்பு மாதிரி. தென்துருவம் நம் பக்கம் சாய்ந்திருக்கும் மாதமாகப் பார்த்துப் பஞ்சமி, சஷ்டியில் எடுத்தால் மான்சினஸ் பிடிபடும். அதை அச்சுப் போட்டு, அதில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, மாடிக்கு வரும் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுகிறேன். கொடி தெரியாத குறைக்கு அது ஈடாகிவிடுகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் வளர்பிறை. பெரும்பாலோர் பௌர்ணமியோடு தொலைநோக்கியை உறை போட்டு மூடிவிடுவார்கள், ஏனென்றால் தேய்பிறை நிலா லேட்டாக வரும். சங்கடஹர சதுர்த்தியன்று மட்டும் அதற்காகக் காத்திருக்கிற கூட்டம் ஒன்று நம் ஊரில் உண்டு. அம்மா மாடியில் கற்பூரத் தட்டோடு நிற்பாள், நான் ஐபீஸோடு நிற்பேன். அவளுக்கு முழுசாக எழுந்தால் போதும், எனக்கு இன்னும் இரண்டு மணி நேரம் மேலே ஏற வேண்டும்.

தேய்பிறை அஷ்டமிக்குப் பழகிக்கொண்டால் அதை விடமாட்டீர்கள். விடியற்காலை நான்கரைக்கு நிலா உயரத்தில் இருக்கும், தளம் ஆறிக் குளிர்ந்திருக்கும், ஏசிகளும் பெரும்பாலும் அடங்கியிருக்கும். தை, மாசியில் பனி கொட்டுவதால் கண்ணாடியைத் துடைக்க ஒரு துணி வேண்டும், அவ்வளவுதான். அதே பள்ளங்கள், ஆனால் வெயில் மறுபக்கத்திலிருந்து. வளர்பிறையில் கறுப்பாக இருந்த கிழக்கு உட்சுவர் இப்போது பளிச்சென்றிருக்கும். இந்த மாற்றம் கண்கூடாகத் தெரியும் இடம் ரூப்பஸ் ரெக்டா. 110 கி.மீ. நீளத்துக்கு நிலாவின் தரை ஒரு பக்கமாக இறங்கிப்போன பிளவு, உயரம் சில நூறு மீட்டர்தான். வளர்பிறை நவமியில் அது பேனாவால் இழுத்த கறுப்புக் கோடு, ஏனெனில் சரிவின் முகம் மேற்கே பார்க்கிறது, காலை வெயில் அதில் படாது. தேய்பிறை அஷ்டமியில் அதே கோடு வெள்ளை. இரண்டு படத்தையும் ஒரே அளவில் வெட்டி அக்கம்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாள்காட்டியில் இந்த மாதத் தேய்பிறை அஷ்டமி என்றைக்கு, எத்தனை மணிவரை என்று மட்டும் பார்த்துக்கொண்டு அலாரம் வையுங்கள்.